அமரர் அண்ணை ஏற்றிச் சென்ற உதைபந்தாட்ட அணி

அமரர் அண்ணையின் வண்டியில் விரும்பி ஏறினவர் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவரும் கிடையாது. கடைசிவரை ஏறாமல் தப்பினவரும் அதிகம் கிடையாது. விரும்பி ஏறினது நாங்கள் மட்டும்தான். அதுவும் அரைக்காற்சட்டையோடு.

அண்ணை ஒரு மலர்ச்சாலையின் பிரேத வண்டிச் சாரதி. முன்கண்ணாடிக்கு மேலே "அமரர் ஊர்தி" என்று எழுதியிருந்ததில் இரண்டாவது சொல் வெயிலில் உரிந்துபோய், மிச்சமிருந்த "அமரர்" சரியாக அவருடைய தலைக்கு மேலே நின்றது. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அமரர் அண்ணை, சுகமோ?" என்று கேட்டால், "ஓம், இருக்கிறன்" என்பார். அந்தத் தொழிலில் அதைவிட நல்ல பதில் இல்லை.

எங்கள் மகளிர் கல்லூரியில் அதுதான் முதல் உதைபந்தாட்ட அணி. பெண்பிள்ளைகள் பந்தை உதைப்பது வலிகாமத்துக்கே புதினமாக இருந்த நேரம். அதிபர் அம்மா ஒரு பருவம்தான் தவணை தந்தார்.

"தோக்கிறது உங்கடை விருப்பம், பிள்ளையள். ஆனால் ஒரு மட்சுக்குப் போகாமல் விட்டாலும் அடுத்த வருசம் உதைபந்து இல்லை. பழையபடி வலைப்பந்துதான்."

தோற்பதை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். முதல் ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கினோம் என்பதை நடுவரே இடையில் மறந்துவிட்டார். போவதுதான் பிரச்சினை. வாடகைக்கு வந்த ஹையேஸ் வான்காரர் ஒரேயொரு தடவை ஏற்றிவிட்டு, "எனக்கும் வீட்டிலை குமர்ப்பிள்ளையள் இருக்கு, தங்கச்சி. உந்தக் காற்சட்டையளை ஏத்தித் திரிஞ்சால் என்ரை பெட்டையளை ஆர் கட்டுவினம்?" என்று கையை விரித்தார்.

அடுத்த ஆட்டத்தன்று கல்லூரி மைதானத்தில் குந்தியிருந்து அழுதோம். வேலிக்கு வெளியே மரநிழலில் வண்டியை விட்டிருந்த அமரர் அண்ணை எட்டிப் பார்த்தார். அழுகைச் சத்தம் கேட்டால் வருவது அவருடைய தொழில்.

"ஆர் பிள்ளையள் மோசம் போனது?"

"ஒருதரும் இல்லை, அண்ணை. மட்சுக்குப் போக வாகனம் இல்லை."

"உதுக்கோ இந்தக் குழறல்? ஏறுங்கோ. பின்னேரத்திலை எனக்கு வேலை குறைவு. என்ரை ஆக்கள் அதுக்கு முதலே போயிடுவினம்."

எங்களுக்குப் பொறுப்பான ரீச்சர் தயங்கினார். "வண்டி பிழை ஒண்டும் இல்லையோ?"

"இண்டைக்கு வரைக்கும் ஏறின ஒருதரும் குறை சொன்னதில்லை, ரீச்சர்."

அண்ணைக்குத் தெரிந்த வேகம் ஒன்றுதான்: பறைமேளத்துக்குப் பின்னால் போகிற வேகம். நடந்து போனவர்கள் எங்களை முந்தினார்கள். புத்தூரில் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். சைக்கிளில் வந்த ஒரு கிழவர் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து, வண்டியின் கண்ணாடிக்குள் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே மல்லாந்து படுத்துப் பணிஸ் தின்றுகொண்டிருந்த எங்கள் அணித்தலைவி துஷா, மரியாதைக்கு எழும்பித் திருப்பிக் கும்பிட்டாள். கிழவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தார்.

அன்றைக்கும் தோற்றோம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து அண்ணை சொன்னார்: "ஏன் இடிஞ்சுபோய் நிக்கிறியள்? நான் ஏத்திற மற்ற ஆக்களோடை பாக்கேக்கை நீங்கள் எவ்வளவோ ஓடுறியள்."

அன்று நாங்கள் ஆடி முடியும்வரை வண்டி ஸ்ராட் ஆகாமல் அங்கேயே நின்றபடியால் அவருடைய மற்றக் குணம் தெரியவரவில்லை. அது அடுத்த ஆட்டத்துக்குக் குருநகர் போனபோது தெரிந்தது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வண்டியைக் காணோம். கரையில் நின்ற மீன் வியாபாரி ஒருவர் இரங்கி, தன் லொறியில் மீன்பெட்டிகளுக்கு நடுவே எங்களை ஏற்றிவிட்டார். ஊர் மணக்க வீடு சேர்ந்தோம்.

மறுநாள் அண்ணை கும்பிட்டபடி வந்து நின்றார்.

"பிள்ளையள், கனகாலப் பழக்கம். கொண்டுபோய் இறக்குவன், கும்பிடுவன், வண்டியைத் திருப்புவன். ஆக்களைத் திருப்பிக் கொண்டுவாற வேலை இந்தத் தொழிலிலை இல்லையெல்லோ."

நாங்கள் சிரித்தோம். தகப்பன்மார் சிரிக்கவில்லை. ஆளாளாய் மறித்தார்கள். கடைசி ஆட்டம் வந்தபோது ஏழுபேர் மிஞ்சினோம். ஏழு இருந்தால் விளையாடலாம். ஆறு என்றால் போகாததற்குச் சமம்.

அன்றைக்கு வண்டியடிக்கு வந்தது ஆறுபேர். துஷா இல்லை.

அவளைத் தேடிச் சண்டிலிப்பாய்க்குப் போனால், வீட்டுப் படலை சாத்திக் கொளுக்கி போட்டிருந்தது. துஷா ஜேர்சியோடு கிணற்றடியில் நின்று அழுதாள். புகையிலைத் தோட்டத்து மண் காலோடு தகப்பன் படலைக்கு உள்ளே நின்றார்.

"என்ரை பிள்ளை சவ வண்டியிலை ஏறாது. உந்த விசரன் ஒருக்கா நடுரோட்டிலை விட்டிட்டு வந்தது காணாதோ?"

அமரர் அண்ணை இறங்கிப் போனார். ஏதாவது பகிடி விட்டுக் காரியத்தைக் கெடுக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் படலைக்கு வெளியே நின்று, மெதுவாகக் கதைத்தார்.

"ஐயா, உங்கடை மூத்தவன் மோட்டச்சைக்கிளிலை அடிபட்டு மோசம் போன நேரம், இந்தப் படலையாலை ஏத்திக்கொண்டு போனது நான்தான்."

தகப்பன் நிலத்தைப் பார்த்தார். "தெரியும்."

"எத்தினையோ படலையாலை ஏத்திப்போட்டன், ஐயா. ஒருதரைத்தன்னும் திரும்பக் கொண்டுவந்து இறக்கினதில்லை. இவளைத் தாங்கோ. பொழுதுபட முதல் இந்த இடத்திலை கொண்டுவந்து இறக்கிறன். என்ரை சீவியத்திலை ஒருக்கா அதைச் செய்ய விடுங்கோ."

தகப்பன் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தார். பிறகு படலையின் கொளுக்கி கழன்ற சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் அந்த வண்டி முதன்முதல் ஓடியது. கூரையில் கட்டியிருந்த பிளாஸ்ரிக் பூக்கள் தெருவெல்லாம் பறந்தன. பதினொருவருக்கு எதிரே ஏழுபேர் நின்றோம். கோல் கணக்கு வேண்டாம். கோட்டோரம் வண்டியை விட்ட அண்ணை, ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மோசமாகத் தோற்றோம், ஆனால் போயிருந்தோம். கல்லூரியில் உதைபந்தாட்டம் தப்பியது.

திரும்பி வந்து சேர்ந்தபோது பொழுது இன்னும் படவில்லை. தகப்பன் படலையில் நின்றார். அண்ணை இறங்கிப் பின்கதவைத் திறந்தார். துஷா குதித்தாள். தகப்பன் அவள் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டினார். பிறகு நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்லை ஐயா, வேண்டாம். என்னை வீட்டுக்குள்ளை ஆரும்…" என்றவர் முடிக்கவில்லை. பிரேத வண்டிக்காரனுக்குத் தேத்தண்ணி, தந்தால், தெருவுக்குத்தான் வரும்.

"வாங்கோ எண்டு சொல்லுறன்."

அண்ணை படலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்றிவிட்டு அப்படியே நின்றார். நாங்கள்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முற்றத்தால் கூட்டிக்கொண்டு போனோம். எனக்குக் கிடைத்தது இடது கை. தேத்தண்ணி வரும்வரைக்கும் அதை நான் விடவில்லை.