கூடுதல் எலும்பும் மூன்று கட்டு விறகும்

தேயிலைத் தோட்ட லயத்தில் யாருக்கும் இல்லாத பெருமை வீரய்யாவுக்கு வந்தது. அதுவும் கால் வழியாக வந்தது. பாதம் வலிக்கிறதென்று நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனவனைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், உள்ளே ஒரு குட்டி எலும்பு கூடுதலாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது, இரண்டு வாரம் மேடு ஏறாதே, சரியாகிவிடும் என்றார்.

வலி எட்டாம் நாளே போய்விட்டது. வீரய்யா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வெந்நீர் ஒத்தடம், கோழி ரசம், மலையுச்சியிலிருந்து விறகு சுமப்பதிலிருந்து விடுதலை. இத்தனையும் தருகிற எலும்பை யார்தான் கைவிடுவார்?

சனிக்கிழமை, சிவன் மதனை எரிக்கும் காமன் கூத்து. ஒன்பது வருஷமாக மதன் வேஷம் அவனுக்குத்தான். மத்தியானம்வரை வலி, சாயந்தரம் சாமி புண்ணியத்தில் சுகம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் தப்பு மேளம் முழங்கியபோது கம்பளிக்குள் அவன் கால் தாளம் போட்டது. மனைவி ராக்காயி பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"என்னாங்க, வலி எப்பிடி?"

"உசுரு போகுது புள்ள."

"அப்ப மதன் வேஷத்த மூக்கனுக்குக் குடுக்கச் சொல்லிர்றேன்."

"மூக்கனுக்கா! அவன் ஆடுனா சிவன் எரிக்கிறதுக்கு முந்தி சனமே எரிச்சுரும்!"

"எரிக்கட்டும். எனக்கு ஒங்க எலும்புதான் பெருசு."

வீரய்யா துள்ளி எழுந்தான். "போயிருச்சு புள்ள! வலி போயே போயிருச்சு!"

"கூத்து மாஸ்டர் கேட்டா நான்தான சாட்சி சொல்லணும்? மேல போயி ஒரு கட்டு வெறகு கொண்டாங்க, பாப்போம்."

ஒரு கட்டு வந்தது. "இத யாரும் தூக்குவாங்க" என்றாள். இரண்டாவது வந்தது. "லேசா நொண்டுறாப்ல இருக்கே" என்றாள். மூன்றாவதைப் போட்டுவிட்டு, பதில் வருமுன்னே கூத்துப் பொட்டலுக்கு ஓடினான்.

"மாஸ்டர்! மூக்கனுக்குக் குடுத்துராதீங்க!"

மதனின் கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கூத்து மாஸ்டர் நிமிர்ந்தார்.

"மூக்கனா? யாருப்பா சொன்னா? காலையில வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்குப் போறப்பவே ராக்காயி சொல்லிட்டுப் போச்சே, 'அவருக்கு இன்னைக்கு மூணு கட்டு வெறகு இருக்கு, வரக் கொஞ்சம் சொணங்கும்'னு."