நம்பர் போட்ட நோட்டு

"இதுல நம்பர் இல்லையேப்பா" என்றார் வடைக்கடை மீரா நானா, சாக்குக்குள் கைவிட்டு ஒரு நோட்டை உருவிப் பார்த்து.

அய்யாக்கண்ணு எட்டிப் பார்த்தான். வாழைமரம் இருந்தது. குலை இருந்தது. பத்து என்று போட்டிருந்தது. நம்பரைத்தான் காணோம்.

காலையில்தான் சைக்கிளை விற்றிருந்தான். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அச்சடித்த நோட்டு அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அவன் பெண்டாட்டி செம்பாயி குளிர்ஜுரத்தில் நடுங்கிக் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்து மாசக்கணக்காகிவிட்டது. சுங்கை சிப்புட் டவுனில் குளிர்ஜுரத்துக்கான கொய்னா மாத்திரை, ஆ மோய் என்ற சீனத்தியின் மருந்துக்கடையில் மட்டும்தான்.

"நம்பர் இல்லாட்டி என்ன நானா? வாங்கலைன்னா ஜப்பான்காரன் அறைவானே."

"அறைவான். அதனால ஆ மோய் நோட்டு வேணாம்னு சொல்லமாட்டா, மருந்து இல்லைம்பா. நம்பர் போட்டது மொத வருஷம் அடிச்சது. அதுக்கு ஒரு மரியாதை உண்டு. இது இஷ்டத்துக்கு அடிச்சுத் தள்ளினது."

தெருமுனையில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். நானா அவனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட நம்பர் போட்டதா ஒரு கட்டு இருக்கு. சாக்கை வச்சிட்டு எடுத்துட்டுப் போ. ஒனக்காகத்தான்."

அய்யாக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நானா ஒரு மரவள்ளி வடையும் கொடுத்தார்.

"மடிச்சுக் குடுக்கத் துண்டுக் காகிதம் இல்ல. கையில வாங்கிக்க."

வடையோடும் கட்டோடும் நடந்தவனை, முடிவெட்டுகிற அங்கப்பன் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டான். யாருக்கோ சவரம் செய்துகொண்டு, கத்தியில் வழிந்த நுரையைத் தன் முழங்கையிலேயே துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, கட்டும் கையுமா?"

அய்யாக்கண்ணு நடந்ததைச் சொன்னான். அங்கப்பன் கட்டைப் பிரித்து முகர்ந்தான்.

"வடைக்கட நோட்டு. நம்பர் இருக்கு, சரி. கசங்கி நூலா கெடக்கே. சீனத்தி வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பா. ஓட்டை தெரிஞ்சா ஓடுன்னுருவா."

"இப்ப என்னடா பண்றது? அவ அங்க நடுங்கிட்டுக் கெடக்குறா."

அங்கப்பன் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். மடிப்புகூட விழாத நோட்டு. நம்பர் பளிச்சென்று இருந்தது.

"மொத வருஷத்து நோட்டு. சாமி மாதிரி வச்சிருந்தேன். கட்டைக் குடுத்துட்டு இதை எடுத்துக்க."

"ஒத்தத் தாளா?"

"ஒத்தத் தாலியத்தானே கட்டின? அது நிக்கல?"

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டான்.

மருந்துக்கடையில் அதை இரண்டு கையாலும் நீட்டினான்.

"கொய்னா குடு, அக்கா. வீட்டுல ஜுரம். நம்பர் பாரு, மொத வருஷத்து நோட்டு."

ஆ மோய் நம்பரைப் பார்க்கவில்லை. வெளிச்சத்திலும் தூக்கிப் பிடிக்கவில்லை. நோட்டை மேசையில் விரித்தாள். நாலைந்து மாத்திரைகளை அதன் நடுவில் வைத்தாள். நாலு மூலையையும் மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, நோட்டையும் சேத்துக் குடுக்குறியே?"

அவளும் தெருமுனைச் சிப்பாயைப் பார்த்தாள்.

"ஜப்பான் தோத்துட்டான், தம்பி. டவுனுக்கே தெரியும். துப்பாக்கி இன்னும் அவன் கையில இருக்கு. அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அய்யாக்கண்ணு பொட்டலத்தைக் கையில் எடுத்தான். வாழைமரம் மேல்பக்கமாக மடிந்திருந்தது.

"அப்போ இந்த மாத்திரைக்குக் காசு?"

"வீட்டுக்காரிக்குக் குடு. ரெண்டு நாளைக்கு வரும்."

"அதுக்கப்புறம், அக்கா?"

ஆ மோய் அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்கு நான் சும்மா குடுக்க முடியும், தம்பி? ஒண்ணு பண்ணு. மருந்து மடிக்கத் தாள் கெடைக்காம திண்டாடுறேன். யாருகிட்டயாவது ஒரு சாக்கு நோட்டு இருந்தா வாங்கிட்டு வா, டப்பாவையே தர்றேன்."