அரைஞாண் கயிற்றில் கட்டிய சாவி

தாய்லாந்துப் பக்கம் ஒரு சின்னத் தீவில் என் செருப்பை ஒரு திருடன் கொண்டுபோய்விட்டான் என்று நான் முழுசாகப் பதினாறு மணி நேரம் நம்பினேன். மதுரைக்காரனுக்குச் செருப்பு காணாமல் போனால் காரணம் ஒன்றுதான். கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் நான் இதுவரை பறிகொடுத்த செருப்புகளை அடுக்கிவைத்தால், பழங்காநத்தத்தில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு செருப்புக் கடை போடலாம்.

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்தது இது. அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. கூட வந்தவன் ஜப்பார். கோரிப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார்கள் என்று இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை.

முதுகில் ஒரு பை, ஏழு நாள், நான்கு தீவு. பகலில் ஆளில்லாத கடற்கரை, ராத்திரியில் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கும் கடற்கரை. இதுதான் திட்டம். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்துத் தயாரித்தது. (அவர்களுக்கு முதுகு இருக்கிறது. எங்களுக்கு முதுகுவலி இருக்கிறது.) என் மனைவி தடை ஒன்றும் சொல்லவில்லை. தைலம் மட்டும் பெரிய பாட்டிலாக எடுத்து வைத்தாள்.

தடை சொன்னது தங்கை செல்விதான். அவள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பரவையில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மடி என்னுடையது.

"சனிக்கிழமை ஃப்ளைட்டு. ராத்திரியே திருச்சில எறங்கிருவேன். விடியறதுக்குள்ள மதுரை" என்றேன்.

"நீ வரலைன்னா ஒண்ணும் நின்னு போகாதுண்ணே. சித்தப்பா மகன் ரவி இப்பவே பட்டு வேட்டிய இஸ்திரி போட்டு வச்சிருக்கான்" என்றாள் செல்வி.

ரவிக்குச் சபையில் என் இடத்தில் உட்கார வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்த வேட்டி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதை மனசுக்குள் மடித்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

நான்காவது தீவில், வியாழக்கிழமை ராத்திரி, செருப்பு போனது. கடற்கரையிலேயே பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். தீப்பந்தம் சுற்றும் பையன்கள். மணலில் நூறு பேர் ஆடினார்கள். இருவரும் செருப்பைத் தண்ணீர் ஓரமாக விட்டுவிட்டு இறங்கினோம். எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் சவ ஊர்வலத்துக்கு ஆடுவது. அதையே ஆடினேன். சுற்றி நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் இடம் விட்டு ஒதுங்கி, மரியாதையாகப் பார்த்தார்கள். திரும்பி வந்தால் நான்கு செருப்பும் இல்லை.

"திருட்டு ஊரு மாப்ள" என்றேன்.

"நாப்பத்தேழு வயசுக்காரன் போட்டுத் தேச்ச செருப்ப எவன்டா திருடுவான்?" என்றான் ஜப்பார்.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். இதையே விட மாட்டேங்கிறான்னா எம்புட்டுப் பெரிய திருடனா இருப்பான் பாரு."

மறுநாள் காலை ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். தீவின் மறுபக்கத்தில் அமைதியான கடற்கரை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாலை நான்கு மணிக் கப்பலில் கரை திரும்புவதாக ஏற்பாடு. வண்டி கொடுத்த அம்மாள் அடமானமாகப் பாஸ்போர்ட் கேட்டார். ஜப்பார், தன் பாஸ்போர்ட் போட்டோவில் தான் நன்றாக இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான். என்னுடையது அவருடைய மேஜை டிராயருக்குள் போனது. புதுச் செருப்பு போட்டிருந்தேன். பையில், ரயிலில் பெட்டியைச் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் சங்கிலியும் பூட்டும் இருந்தன. விமானத்தில் வரும்போதே அது எதற்கு என்று ஜப்பார் கேட்டிருந்தான். அதற்கான பதில் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தக் கடற்கரை எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. காரணம், அது வைகை மாதிரியே இருந்தது. தண்ணீர் எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில். நடுவில் அகலமாக, கெட்டியாக, வெறும் மணல். தென்னை மரத்தடியில் ஒரு குடிசைக் கடை. அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் கோணல்மாணலாக நின்றன. எல்லாவற்றிலும் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"இவனுக வெளங்குவானுகளா? சாவிய வண்டிலயே விட்டுட்டுப் போயிருக்கானுக" என்றேன்.

"நம்மளும் இங்கயே நிறுத்துவோம்" என்றான் ஜப்பார்.

நான் கேட்கவில்லை. மணலுக்கு நடுவே, நல்ல கனமான ஒரு கட்டை நட்டு வைத்திருந்தார்கள். ஆற்றுக்குள் வண்டி நிறுத்திப் பழகியவன் நான். சித்திரையோ ஐப்பசியோ, வைகை எங்களுக்கு வண்டி நிறுத்துமிடம். தண்ணீர் வருவதென்றால் ஆட்டோவில் மைக் கட்டி முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஸ்கூட்டரை நேராகக் கட்டைக்கு ஓட்டிப் போய், ஹேண்டில் லாக் போட்டு, முன் சக்கரத்தையும் கட்டையையும் சேர்த்துச் சங்கிலியால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன். இரண்டு சாவியையும் அரைஞாண் கயிற்றில் கோத்து மூன்று முடிச்சுப் போட்டேன். என் இடுப்பைத் திருடாமல் இனி வண்டியைத் திருட முடியாது.

அந்தக் கட்டையில் என் நெஞ்சு உயரத்துக்குச் சிப்பி ஒட்டியிருந்தது. அழகுக்காக ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடை வாசலில் ஒரு பலகையில் நான்கு நேரங்கள் எழுதியிருந்தன. பஸ் டைம் என்று நினைத்தேன். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ராமேஸ்வரமும் திருச்செந்தூரும் பார்த்தவன் நான். அங்கெல்லாம் கடல் போட்ட இடத்தில் கிடக்கும். அலை வரும், காலை நனைக்கும், அதோடு சரி. கடலே எழுந்து நடந்து வரும் என்று எந்தப் பாடப் புத்தகமாவது சொல்லியிருந்தால், நான் அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

சோறு சாப்பிட்டோம். தென்னைக்கு நடுவே வலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். அரைக்கால் சட்டையோடு படுத்தேன். எழுந்தபோது மணி இரண்டு. நிழலும் ஒரே இடத்தில் கிடக்கும் என்று நம்பியிருந்தேன் போல. தொடை இரண்டும் செக்கச்செவேலென்று வெந்திருந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வண்டியைக் காணவில்லை.

"மாப்ள, வண்டியத் தூக்கிட்டாய்ங்க" என்றேன்.

ஜப்பார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "காலைல கடலு இங்கயாடா இருந்துச்சு?"

"கடலு எங்கிட்டு இருந்தா நமக்கென்ன? வண்டியக் காணோம்ங்கிறேன்."

ஓடினேன். குடிசைக் கடைப் பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

"திருடன் படகுல தப்பிச்சிட்டானாம்" என்று ஜப்பாருக்கு மொழிபெயர்த்தேன்.

அப்போது ஒரு ஹெல்மெட் மிதந்து வந்து என் காலடியில் ஒதுங்கியது. எங்களுடையது. நிமிர்ந்து பார்த்தேன். கடலுக்கு நடுவே இரண்டு சின்னக் கண்ணாடிகள் வெயிலில் மினுமினுத்தன. ஸ்கூட்டரின் கண்ணாடிகள். அவற்றுக்குப் பக்கத்தில் கட்டையின் தலை. கட்டையில் ஒரு படகைக் கட்டியிருந்தார்கள். (படகு கட்டத்தான் அந்தக் கட்டை.) மற்ற வண்டிகளெல்லாம் தென்னந்தோப்புக்குள் வரிசையாக, காய்ந்த உடம்போடு நின்றன.

அந்த நேரம் பார்த்து கைபேசியில் செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஆசாரி ஏழரைக்கெல்லாம் வந்துருவாராம். நீ வந்துருவேல்ல?"

"வந்துர்றேன்த்தா."

"என்ன அங்க எரைச்சல்?"

"கடலு."

"யாரோ சிரிக்கிற மாதிரில்ல இருக்கு."

"ஜப்பாரும் இருக்கான்."

அவள் போனை வைத்த பிறகு கணக்காக யோசித்தேன். வண்டி இல்லை என்றால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லை என்றால் விமானம் இல்லை. விமானம் இல்லை என்றால் ரவியின் வேட்டி. நீச்சல் தெரியாது என்பது ரவியின் வேட்டிக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் கழுத்துத் தண்ணீரில் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பூட்டு தண்ணீருக்கு அடியில். சாவி என் இடுப்பில். நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கயிறும் அறுவேனா என்றது. கல்யாணத்தன்று மாமனார் போட்ட கெட்டிக் கயிறு அப்படி. ஆகவே சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இடுப்பைத்தான் பூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சைப் பிடித்து முங்கி, ஸ்கூட்டரின் முன் சக்கரத்தை ஆரத் தழுவி, இடுப்பை அதன்மேல் வைத்துத் தேய்த்துத் துழாவி, திறக்கப் பார்த்தேன். முடியாமல் மேலே வந்து மூச்சு வாங்கினேன். மறுபடியும் முங்கினேன். எனக்கு இது ஓர் உயிர்ப் போராட்டம். கரையில் இருந்து பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. ராத்திரி என் ஆட்டத்தை மரியாதையோடு பார்த்த அதே பிள்ளைகள் இப்போதும் வரிசையாக நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள்.

"மாப்ள, இடதுகைப் பக்கம் திருப்பு" என்று கரையில் இருந்து சொன்னான் ஜப்பார். "சாவிய இல்ல. இடுப்ப."

ஏழாவது முங்கலில் பூட்டு திறந்தது. எட்டுப் பேர் இறங்கி வண்டியைத் தூக்கி வந்து கரையில் வைத்தார்கள். சைலன்ஸரில் இருந்து ஒரு நண்டு வெளியே வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

வாடகைக்குக் கொடுத்த அம்மாள் ஒரு சின்ன வேனில் வந்து இறங்கினார். போலீஸைக் கூப்பிடுவார் என்று இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். (விலங்கு மாட்ட வசதியாக இருக்கட்டும் என்றுதான். ஜப்பார் நான் கும்பிடுவதாக நினைத்தான்.) அவர் திட்டவில்லை. வண்டியை ஏற்றிக் கொண்டுபோய், நல்ல தண்ணீர்க் குழாயைப் பிடித்து, குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார். எண்ணெயை வடித்து, பிரித்து, காயவைத்தார். நான்கு மணிக் கப்பல் எங்களை விட்டுப் போனது. நான் ஒரு விசிறியை வாங்கி எஞ்சினுக்கு வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டும் வேளையில் வண்டி இருமியது. பிறகு ஓடியது. அவர் கேட்டதைக் கொடுத்தோம். பாஸ்போர்ட்டை நீட்டியபோது ஒன்று மட்டும் சொன்னார். அங்கே எல்லாரும் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவது வழக்கமாம். தண்ணீர் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர் எல்லா வண்டியையும் மேட்டுக்கு ஓட்டி வைத்துவிடுவார். அன்றைக்கும் கடைப் பெண்மணி எல்லாவற்றையும் ஓட்டி வைத்திருக்கிறார். என் வண்டியிடம் மூன்று முறை போய், சங்கிலியைப் பார்த்து, திரும்பி வந்திருக்கிறார். என்னை எழுப்பியும் பார்த்தாராம். நான் தூக்கத்திலேயே செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு புரண்டு படுத்தேனாம்.

சனிக்கிழமை விடியற்காலைக் கப்பலைப் பிடித்து, விமானம் பிடித்து, பஸ் பிடித்து, ஞாயிறு காலை ஏழு இருபதுக்குப் பரவையில் இறங்கினோம். முதுகுப் பையோடு, உப்பு பூத்த சட்டையோடு பந்தலுக்குள் போனேன். மணையில் ரவி உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டி கத்தி மாதிரி மடிப்பாக இருந்தது. "எந்திரிங்க மாமா, எங்க மாமா வந்துட்டாரு" என்றாள் காது குத்திக்கொள்ள வேண்டியவள். நாலு வயது. அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

உட்கார்ந்தேன். வெந்த தொடையில் பிள்ளையைத் தூக்கி வைத்தார்கள். பிள்ளை அழவில்லை. நான் அழுதேன். தாய்மாமனுக்குப் பாசம் அதிகம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெயர் சாப்பாட்டுப் பந்தி வரைதான் நிலைத்தது. பந்தியில் ஜப்பார் வீடியோவை எடுத்துக் காட்டினான். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். ஏழு முங்கலும் இருந்தன.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பினால், கதவைப் பூட்டிவிட்டு என் மனைவி சாவியை என்னிடம் நீட்டி, "இடுப்புல கட்டிக்கிறீகளா?" என்று கேட்பாள். ரவி மட்டும் சிரிக்க மாட்டான். அந்த வேட்டியை அவன் இன்னும் வைத்திருக்கிறான். செல்விக்கு இரண்டாவது பெண் பிறந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தத் தீவில் யாரும் எதையும் திருடவில்லை. கடல் தினமும் இரண்டு முறை மேலே வந்து, இரண்டு முறை திரும்பிப் போகிறது. பலகையில் இருந்த நான்கு நேரங்களும் அவைதான். வெள்ளிக்கிழமை மதியம் வண்டி இருந்த இடத்துக்கு அது வந்தது. வியாழக்கிழமை ராத்திரி செருப்பு இருந்த இடத்துக்கும் அதுதான் வந்தது.