நெல்டாவின் இருபத்திரண்டு கேள்விகள்

"இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தீங்க?" என்று நெல்டா கேட்டாள்.

"அது ரகசியம்," என்றார் காட்டன் பர்டெட்.

"யாருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

"அதுவும் ரகசியம்."

"இன்ஷூரன்ஸ் இருக்கா?"

காட்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மேடம், நான் போயிட்டு வந்த இடங்களைப் பத்திச் சொன்னா உங்களுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது."

"இன்ஷூரன்ஸ் இருக்கா இல்லையான்னு சொன்னா எனக்கு இன்னைக்கே நல்லாத் தூக்கம் வரும்," என்றாள் நெல்டா. பரீட்சை அட்டையில் செருகியிருந்த தாளில் மூன்று கேள்விகளுக்கு நேராக மூன்று பெருக்கல் குறி போட்டாள்.

மாட்டுத் தீவனக் கடையின் பின்கூடத்தில், மடக்கு நாற்காலிகளில் ஏழு பேர் துப்பாக்கிப் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். காட்டனின் தொப்பி, சட்டை, கால்சட்டை, கைக்குட்டை எல்லாமே காட்டு இலை நிறம். தீவன மூட்டைகளுக்கு நடுவே அந்த மனிதர் யாரிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது நெல்டாவுக்கு விளங்கவில்லை.

நெல்டா பிரிக்ஸுக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன், கையில் படிவத்தோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து விளக்கு, டயர், பிரேக், அவசரக் கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். அடித்தாள். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பஸ் போய்விட்டது, படிவக் கட்டு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

கணவர் ஹாய்ட் இறந்து இரண்டு வருஷமாகிறது. அவர் விட்டுப்போன ரிவால்வர் கேக் டப்பாவுக்குள் கிடந்தது. செப்டம்பரில் ஒரு நாள் பட்டப்பகலில் எவனோ கொட்டகைப் பூட்டை உடைத்து மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஷெரீஃபின் போலீஸ் வண்டி வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. பக்கத்து வீடு மூன்று மைல் தள்ளி.

டல்லஸில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கென்ட்ராவுக்கு விஷயம் தெரிந்ததும் போன் சூடாகிவிட்டது.

"அம்மா, பேசாம இங்க வந்துடு. ஏழாவது மாடி. லிஃப்ட் இருக்கு. கீழ வாட்ச்மேன் இருக்கான்."

"டீக்கன் என்ன பண்ணுவான்?"

"பூனைக்கெல்லாம் இங்க அனுமதி இல்லம்மா."

"அப்ப எனக்கும் இல்ல."

கென்ட்ரா பெருமூச்சு விட்டாள். அப்பனைப் போலவே அவளும் பெருமூச்சு விட்ட பிறகுதான் நிபந்தனை போடுவாள். "சரி. அப்பாவோட துப்பாக்கியை வெச்சுக்கிறதா இருந்தா ஒழுங்கான வாத்தியார்கிட்ட ஒழுங்காக் கத்துக்கோ. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை வருவேன். வாத்தியாரை நானே பார்ப்பேன். கோமாளியா இருந்தான்னா அன்னைக்கே நீ பெட்டியைக் கட்டணும். சொந்தக்காரன் எவனும் வேணாம்."

உள்ளூரில் பயிற்சி கொடுப்பவன் ஹாய்ட்டின் அண்ணன் மகன்தான். பாதுகாப்பைப் பற்றி விளக்கும்போது தன் டிரக் டயரையே சுட்டவன். அதனால் நெல்டா ஆற்றைத் தாண்டி, தன்னை யாருக்கும் தெரியாத பக்கத்து கவுன்டிக்குப் போவதென்று முடிவு செய்தாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அரசாங்க முத்திரை போட்ட பழைய பஸ் படிவம் ஒன்றின் பின்புறம் இருபத்திரண்டு கேள்விகள் எழுதினாள். அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. காகிதத்தை வீணாக்குவது அவள் வளர்ந்த வீட்டில் பெரிய பாவம். அந்த இடத்தில் கடையில் வாங்க வேண்டிய சாமான்களையும் குறித்து வைத்தாள். மான் வேட்டைக் காலம் என்பதால், மான் என்று நினைத்து எவனும் சுட்டுவிடாமல் இருக்கப் பளபளக்கும் மஞ்சள் பஸ் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நாலாவது கேள்வியைக் கேட்கும் முன்பே காட்டன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவினார். "நான் யாருன்னு கேட்டீங்கல்ல? பாருங்க!" என்று அதை விரலில் சுழற்றினார். முனை ஏழு பேரின் வயிற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு நெல்டாவிடம் வந்தது.

"அதைக் கீழ வை!"

அது அறுபது பிள்ளைகளைக் கடைசி வரிசை வரைக்கும் அடக்கிய குரல். காட்டன் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். "உட்காரு!" என்றதும் உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாலும் இன்னொரு தடவை உட்கார்ந்தார்கள்.

"கை எங்க இருக்கணும்?"

எட்டுப் பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"இதைப் பத்தி எழுத வேண்டிய இடத்துல எழுதறேன்," என்று சொல்லிவிட்டு நெல்டா வெளியேறினாள். எழுத வேண்டிய இடம் கென்ட்ராவின் ஈமெயில்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டை இருக்கிறது, தாள் இல்லை. கோபத்தில் எங்கோ உதிர்ந்துவிட்டது. கேள்விகள் மனப்பாடம் என்பதால் இன்னொரு படிவத்தின் பின்னால் எழுதிக்கொண்டாள். கடைக்குப் போக மறந்தே போனாள். டீக்கன் இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, பட்டினி கிடந்தவன் முகத்தோடு அவளைப் பார்த்தான்.

மறுநாள் ராய்ஸ் என்ற இன்னொரு வாத்தியாருக்குப் போன் செய்தாள்.

"வகுப்பு நிரம்பிடுச்சு," என்றார் ராய்ஸ்.

"நான் இன்னும் தேதியே சொல்லலையே?"

"எல்லாத் தேதியும் நிரம்பிடுச்சு."

மூன்றாவது வாத்தியார் வீட்டில் அவர் மனைவி எடுத்தாள். "அவர் இறந்துட்டாருங்க."

"அடடா. எப்போ?"

போனைக் கையால் மூடிக்கொண்டு அவள் யாரிடமோ கேட்டாள். "போன வாரம்னு சொல்லு," என்று ஓர் ஆண்குரல் நெல்டாவின் காதில் தெளிவாக விழுந்தது.

நெல்டா போனை வைத்தாள். கிழவிக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் மனசில்லை, அதுதான் விஷயம் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டு சேர்த்தவளுக்கு, தன் வீட்டுக்குள் தானே இருக்க வழியில்லையா?

போனில் சொன்னால்தானே தட்டிக்கழிப்பார்கள் என்று நேரிலேயே போனாள். மஞ்சள் சட்டையும் பரீட்சை அட்டையுமாக அவள் ராய்ஸின் துப்பாக்கிக் கடை வாசலில் இறங்கியபோது, வாசலில் தொங்கிய 'திறந்திருக்கிறது' பலகை தானாகத் திரும்பி 'மூடியிருக்கிறது' ஆனது. கடைக்குப் பின்னால் ஏதோ தகரம் சரிந்தது. எட்டிப் பார்த்தால், ராய்ஸ் ஒரு செருப்பை விட்டுவிட்டு வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"நான் மெதுவாக் கத்துக்கிட்டாலும் நல்லாக் கத்துக்குவேன்!" என்று நெல்டா அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். ராய்ஸ் இன்னும் வேகமாக ஓடினார்.

கவுன்டியில் மிச்சம் இருந்தது ஒரே பெயர், எமெட் ப்ரூவிட். நெல்டா நம்பிக்கையே இல்லாமல் எண்ணை அழுத்தினாள்.

"நீங்கதானா அம்மா," என்றது மறுமுனை. குரல் லேசாக நடுங்கியது. "வாங்க. தாராளமா வாங்க. ஒளிஞ்சு ஓடறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா பத்து நாள் மட்டும் டைம் கொடுங்க."

"பத்து நாள் எதுக்கு?"

"தயார் பண்ணத்தான் அம்மா. நல்லபடியா."

தயார் செய்துகொண்டு சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்! நெல்டாவுக்கு அப்போதே மனசு பாதி நிறைந்துவிட்டது.

பதினோராம் நாள் போனாள். குன்றுக்குப் பின்னால் ஒரு சமதளம், ஒரு கொட்டகை, உயரமான மண்மேடு. வாசலில் 'துப்பாக்கி முனை எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும்' என்று சிவப்பு எழுத்தில் பெரிய பலகை. சாய்ந்து நின்று படித்ததில், பெயின்ட் காயாத 'எப்போதும்' என்ற சொல் பாதி அவள் மஞ்சள் சட்டைக்கு வந்துவிட்டது. பலகையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

எமெட் ஐம்பது வயது ஒல்லி மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். நெல்டா அட்டையை எடுத்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"சான்றிதழ்?"

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட நாலு சான்றிதழ்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஆணிகள் பளபளவென்று மின்னின. டிக்.

"இன்ஷூரன்ஸ்?"

"இதோ அம்மா. போன திங்கட்கிழமையில இருந்து நடப்புல இருக்கு." டிக்.

"முதலுதவிப் பெட்டி?"

ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. காலாவதியான பொருளாக ஒன்றும் இருக்க வழியில்லை. டிக்.

"ஒரு வகுப்புல எத்தனை..."

"நாலு பேருக்கு மேல எடுக்கிறதில்ல. பணம் கட்டறதுக்கு முன்னால ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாம். பழைய மாணவர்கள் நம்பர் தர்றேன், நீங்களே கேட்டுக்கலாம். பொம்பளைங்கன்னா இந்தத் துப்பாக்கிதான்னு நானா எதையும் திணிக்க மாட்டேன்."

அவள் ஏழாவது கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பத்தாவதுக்குப் போய்விட்டார். மனசைப் படித்துப் பதில் சொல்லும் ஆளை நெல்டா தன் வாழ்நாளில் இப்போதுதான் பார்த்தாள். ஹாய்ட்டால் நாற்பது வருஷத்தில் முடியாத காரியம் அது. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு டிக்.

வகுப்பும் அப்படித்தான் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கி வெளியே வரவே இல்லை. கதவைப் பூட்டு, ஷெரீஃபைக் கூப்பிடு, தப்பிக்க முடியுமானால் தப்பித்து ஓடு, சுடுவது உயிருக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும், சட்டம் இன்னது சொல்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு காலித் துப்பாக்கியை, காலிதான் என்று மூன்று தடவை காட்டிய பிறகே கையில் கொடுத்தார். இலக்குத் தாள்களைப் புத்தம் புதுத் துணிக் கிளிப்புகளால் கொடியில் மாட்டியிருந்தார். இடைவேளையில் அவர் மனைவி வில்டா, எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் சில்லென்று மோர் கொடுத்தாள்.

"துப்பாக்கி வகுப்புல மோரா?" என்று கூடப் பயின்ற ஒருவர் சிரித்தார்.

"விதிமுறைங்க," என்றாள் வில்டா.

நெல்டாவுக்கு மோர் என்றால் உயிர். இரண்டு கோப்பை குடித்தாள். முதல் நாள் நடுங்கிய கை மூன்றாவது வகுப்பில் நடுங்கவில்லை. ஐந்து குண்டில் நாலு, தாளின் நடுவிலேயே விழுந்தது. வீடு திரும்பும்போது பஸ் ஓட்டிய காலத்தைப் போலப் பாடிக்கொண்டே போனாள்.

கடைசிச் சனிக்கிழமை கென்ட்ரா வந்தாள். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பலகையைப் படித்தாள். காப்பீட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒருவருக்கு இரண்டு பேர் குறிப்பெடுப்பதைக் கண்ட எமெட்டின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எத்தனை வருஷமா இவ்வளவு ஒழுங்கா நடத்தறீங்க?" என்று கென்ட்ரா கேட்டாள்.

எமெட் தண்ணீர் குடித்தார். "இவ்வளவு ஒழுங்கா... கொஞ்ச நாளாத்தான் அம்மா. ஆனா இனிமே மாத்தறதா இல்ல. எனக்கே பிடிச்சுப் போச்சு. போன வாரம் புதுசா ஆறு பேர் சேர வந்தாங்க, நாலு பேரைத்தான் எடுத்தேன்."

நெல்டா சுட்டாள். ஐந்துக்கு ஐந்து. பிறகு சொன்னபடி துப்பாக்கியைக் காலி செய்து, காட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கென்ட்ரா குறிப்பேட்டை மூடினாள்.

"அம்மா, ஒரு குறையும் சொல்ல முடியல. இந்த மாதிரி ஆளை நான் டல்லஸ்லயே பார்த்ததில்ல. நீ வீட்டுலயே இரு."

"டீக்கன்?"

"அவனும்தான். ஆனா என்னம்மா, அப்படித் தின்னும் எலும்பா இருக்கான்?"

"அவனுக்கு ஒண்ணு வாங்கணும்னு ஒரு மாசமா நினைக்கிறேன், மறந்து மறந்து போகுது," என்றாள் நெல்டா. மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வீடு இருக்கிறது, பூனை இருக்கிறது, கை நடுங்கவில்லை. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

நெல்டா வண்டியில் ஏறப்போகும்போது வில்டா ஓடி வந்தாள். கணவர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் பெட்டியை எடுத்து நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்ஸ்பெக்டர் அம்மா, அன்னைக்கு நீங்க காட்டன் இடத்துல விட்டுட்டுப் போன அரசாங்கப் பட்டியலைப் போட்டோ எடுத்து அவர் எல்லாருக்கும் அனுப்பினாரு, அதை வெச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் பத்து நாள் உட்கார்ந்து படிச்சு, இருபத்து மூணாவது துணிக் கிளிப், இருபத்து நாலாவது மோர் வரைக்கும் ஒண்ணு விடாம முடிச்சுட்டாரு, கடைசியில 'பூனைக்குப் புழு மாத்திரை'ன்னு போட்டிருக்கீங்களே, மாத்திரை வாங்கிட்டோம், பாஸ் ஆகணும்னா பூனையும் ஒண்ணு வளர்க்கணுமா?"