ரொட்டியைத் தொடாத விருந்தாளி

மேசைக்கு வந்து கால் மணி நேரம் ஆகியும் முலெங்கா ஒரு துண்டு ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

கெர்லிண்டேவுக்குக் காது மடல் சுட்டது. கறுப்பு ரொட்டி, மூன்று வகை சீஸ், சாசேஜ், ஊறவைத்த வெள்ளரி. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் எந்த வீட்டிலும் ராத்திரிச் சாப்பாடு இதுதான். ஜாம்பியாவிலிருந்து வந்த மனிதரோ, இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் வைத்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"என் மனைவி இங்க படிச்சவ. உங்க ஊர்ப் பழக்கமெல்லாம் ஒரு வாரமா பாடம் எடுத்து அனுப்பியிருக்கா" என்றார்.

"கெட்டிக்காரங்க!" என்று சிரித்த கெர்லிண்டே, கணவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"யோக்கன், அவர் சூடான சாப்பாட்டுக்குக் காத்திருக்கார்! வெறும் ரொட்டிக்கா கூப்பிட்டாங்கன்னு நினைப்பாரே!"

"நாளைக்கு அவர் எங்க கம்பெனி அடுப்பை வாங்கலன்னா என் வேலை காலி. ஏதாவது செய்!"

கெர்லிண்டே திரும்பி வந்து, "சூடா ஒண்ணு வந்துட்டே இருக்கு" என்று புளுகினாள்.

"அவசரமே இல்லைங்க" என்றார் முலெங்கா. அவர் வயிறு வேறு மாதிரிச் சொன்னது.

விருந்தாளி தொடாததை யோக்கன் எப்படித் தொடுவான்? அவன் வயிறும் பதில் சொன்னது.

அவள் உருளைக்கிழங்கை வாணலியில் கொட்டினாள். எண்ணெய் புகைந்தது. மேசைக்கு மேலே கூரையில் புகை அலாரம் அலறியது. அதை நிறுத்த நாற்காலியில் ஏறிய யோக்கன் சறுக்கி விழுந்ததில், முலெங்கா கொண்டுவந்த பூங்கொத்து ஜாடியோடு சீஸில் கவிழ்ந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் முலெங்கா. கையை மட்டும் மேசை விளிம்பிலிருந்து எடுக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. மாடிவீட்டு டீட்யென் அம்மா.

"என்ன இங்க எரியறது?"

அக்கம்பக்கத்தில் உப்புகூடக் கடன் கேட்டறியாத கெர்லிண்டே குரல் தாழ்த்திக் கேட்டாள். "உங்ககிட்ட சூடா ஏதாவது இருக்கா? மானம் போகுது."

"முந்தாநாள் பட்டாணி சூப் இருக்கு."

"முந்தாநாளா?"

"உனக்கு மானம் வேணுமா, புதுசு வேணுமா?"

பானை வந்தது. கெர்லிண்டே தலை நிமிரவில்லை. டீட்யென் அம்மா பானையை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் சத்தமாகச் சொன்னாள்.

"எல்லாரும் நல்லாப் பசியாறுங்க!"

அடுத்த நொடி முலெங்கா நனைந்த சீஸை ரொட்டியில் அப்பி வாயில் திணித்தார். இன்னொன்று. மேலும் ஒன்று.

கெர்லிண்டே சூப்பை ஊற்றப் போனாள். அவர் கையால் தட்டை மூடிக்கொண்டார்.

"சூப் வேண்டாங்க, ராத்திரியில எனக்கு ரொட்டிதான் பிடிக்கும், 'பசியாறுங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி கை வெச்சா இந்த ஊர்ல அவமானம்னு என் மனைவி சொன்னா, நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே!"