ஈசானிய மூலையில் நாற்பத்திரண்டு லிட்டர்

கார்த்திகை மூன்றாம் தேதி, ஞாயிறு, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல் விட்டிருந்தது, வானம் இன்னும் வெளுக்கவில்லை. திருநகருக்குப் பின்னால் நிரம்பிக் கிடந்த கண்மாயில் சம்ப் மேஸ்திரி தன் வள்ளத்தை இறக்கினார். வள்ளத்துக்கு ஈசானிய மூலை பார்த்த மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

ஆரப்பாளையம் முதல் ஒத்தக்கடை வரை வீடுகளின் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர். எங்கள் தெருவின் பதினேழு வீடுகளில் பதினான்கு சம்ப் அவர் கைவேலை. ஒரு நாள் அவர் மனைவி பாக்கியம் அம்மாள் என் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"ஊரு பூராம் தரைக்குக் கீழ தண்ணிய வச்சீக. என்னைய ஒரு நாளாச்சும் தண்ணிக்கு மேல வச்சீகளா?"

அடுத்த வாரமே கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பழைய பைபர் வள்ளம் மினி லாரியில் வந்து இறங்கியது. கண்மாயில் அப்போது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த அம்மாளுக்குச் சர்க்கரை நோய். நாக்கு வறண்டுகொண்டே இருக்கும். அதனால் வள்ளத்துக்கும் ஒரு சம்ப்.

"ஒரு பாட்டில் தண்ணி போதாதா மேஸ்திரி?" என்றேன்.

"பாட்டில்ல நான் எதச் சார் கட்டுறது?"

வள்ளத்தை வடக்குப் பார்த்து நிறுத்தி, முன்பக்க வலது மூலையில் தரைப் பலகையைச் சதுரமாக அறுத்தார். அடியில் எவர்சில்வர் தொட்டி, மேலே கீல் வைத்த மூடி.

"வள்ளம் திரும்பினா ஈசானியமும் திரும்பிடுமே?"

"கட்டும்போது சரியா இருக்கணும் சார். அப்புறம் அது பாடு."

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "கம்மா பூராம் தண்ணி கெடக்கும், உள்ள எதுக்குண்ணே தண்ணி?"

"அதக் குடிச்சுட்டு வந்து கேளு மாப்ள!"

இரண்டு லாரி டியூப்களின்மேல் வள்ளத்தை வைத்துத் தொட்டியை நிரப்பினார். வலப்பக்கம் சாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் தொட்டியை நடுவுக்கு மாற்றியிருப்பார்கள். இவர் மனைவியைத் தராசில் ஏற்றினார். நாற்பத்திரண்டு கிலோ. தொட்டியில் நாற்பத்திரண்டு லிட்டர் விட்டு, அவரை இடப்பக்கம் உட்காரவைத்தார். வள்ளம் நேராக நின்றது.

"நான் ஒரு இட்லி கூடத் தின்னா கவுந்துருமா?"

"தின்னு. நான் ரெண்டு டம்ளர் சேத்து ஊத்திர்றேன்."

அந்த அம்மாள் தின்னவில்லை. ஆனியில் முப்பத்தொன்பது கிலோ. ஆவணியில் முப்பத்தாறு. ஒவ்வொரு முறையும் மேஸ்திரி மூடியைத் திறந்து அந்த அளவுக்குத் தண்ணீரை இறைத்தார். "மழை வருமா சார்? பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?" என்று தினமும் கேட்பார். நான் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி நடுவில் பாக்கியம் அம்மாள் போய்விட்டார். கண்மாய் பன்னிரண்டு நாள் கழித்து நிரம்பியது.

கார்த்திகை மூன்றாம் தேதி காலை மேஸ்திரி தனியாக ஏறினார். தொட்டியில் அந்த முப்பத்தாறு லிட்டர் அப்படியே இருந்தது.

"மேஸ்திரி, சாயுது!" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"தெரியுது சார்."

மூடியைத் திறந்தார். டம்ளர் டம்ளராக மொண்டு கண்மாயில் ஊற்றினார். வள்ளம் மெல்ல நிமிர்ந்தது. கடைசி டம்ளரை மட்டும் ஊற்றவில்லை. இடப்பக்கப் பலகையில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார்.

வள்ளம், லாரி வாடகை, தொட்டி, மூடி, கீல் எல்லாம் சேர்த்து அவருக்கு ஆனது இருபத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.