பல்லக்கு நேரத் திருத்தம்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். இடி விழுந்தாலும் சரி, நஜாத்தே எதிரில் வந்து நின்றாலும் சரி.

காஸாபிளாங்காவின் சிவப்பு அணிக்கும் பச்சை அணிக்கும் மாலை ஐந்து மணிக்குக் கால்பந்துப் பந்தயம். அன்று ஊரே இரண்டாகப் பிரியும். நான் பச்சை. என் மனைவி நஜாத் எந்த அணியும் இல்லை, அவள் நடுவர்.

மணப்பெண்களை அலங்கரிப்பது அவள் தொழில். பெண்ணுக்குக் கஃப்தான் எனும் நீண்ட பட்டு அங்கிகளை ஒவ்வொன்றாக மாற்றுவாள். பிறகு பொன்முலாம் பூசிய பல்லக்கில் ஏற்றுவாள். நான்கு ஆண்கள் அதைத் தோளில் தாங்கி, மண்டபத்தைச் சுற்றி ஆட வேண்டும். நான்கு தோள்களில் ஒன்று என்னுடையது. மற்ற மூன்றுக்கும் கூலி உண்டு.

ஞாயிறன்று ஹஸ்னா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். பல்லக்கு ஏறும் நேரம்: மாலை ஐந்து.

இந்த நேரங்களெல்லாம் எங்கள் வீட்டுக் கணினியில், ஓர் அட்டவணையில் இருக்கின்றன. அதற்கான நிரலை அவளுக்காக எழுதிக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முப்பத்திரண்டாம் தேதியை அது ஏற்காது; பதின்மூன்றாம் மாதத்தை ஏற்காது. பொய்யை மட்டும் மறுபேச்சின்றி ஏற்கும்.

வெள்ளிக்கிழமை, நஜாத் அடுக்களையில் கூஸ்கூஸ் ரவையை ஆவியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கணினியின் முன் அமர்ந்தேன். ஹஸ்னாவின் கட்டத்தை இருமுறை சொடுக்கினேன். நாள், மாதம், மணி, நிமிடம் எனத் தனித்தனியாகத் திறந்துகொண்டது. மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கல்யாணம் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. நான் நின்றது மாதத்தின் மேல்! எழுதியவனுக்கே இந்தக் கதி. பதறிப்போய்த் திருத்தத்தைக் கைவிடும் விசையைத் தட்டினேன். பழைய மதிப்பு திரும்பி வந்தது. மறுபடி திறந்தேன். இம்முறை மணியின் மேல் நின்று அம்புக்குறியை இருமுறை தட்டினேன். ஐந்து, ஏழானது. உறுதி செய்தேன்.

மாலையில் நஜாத் அட்டவணையைத் திறந்தாள்.

"என்னங்க, ஹஸ்னா பல்லக்கு அஞ்சு மணிதானே? ஏழுன்னு காட்டுதே?"

"நோன்பு முடிஞ்சாச்சுல்ல. நோன்புக்காக அரசாங்கம் பின்னாடி தள்ளி வெச்ச கடிகாரம் ஞாயித்துக்கிழமை விடியறப்போ திரும்ப முன்னாடி போகுது. பழைய நேரம் புது நேரம் ஆகுது. அதான்."

"கடிகாரம் ஒரு மணி நேரம்தானே போகும்?"

"போறதுக்கு ஒண்ணு. வர்றதுக்கு ஒண்ணு."

"அடேங்கப்பா! அதுக்குத்தான் படிச்சவரைக் கட்டிக்கணுங்கிறது."

அவள் இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டபோதே நான் அஞ்சியிருக்க வேண்டும்.

"அப்போ அஞ்சு மணிக்கு நீங்க சும்மாதானே இருப்பீங்க? எங்கம்மாவோட பழைய குளிர்பெட்டியை நாலாவது மாடியிலேர்ந்து இறக்கணும்."

"மின்தூக்கி இல்லையா?"

"இருக்கு. ஓடாது. ரெண்டும் ஒரே வயசு."

நான் அசரவில்லை. உடனே இரண்டாம் திட்டம் தீட்டினேன். குளிர்பெட்டியை இறக்கினால் இடுப்பு போகும், ஆட்டமும் போகும். போதாக்குறைக்கு, பாவம், ஹஸ்னா ஐந்து மணிக்குப் பல்லக்கின்றி நிற்பாள். பல்லக்கைச் சுற்றுவதோ பத்து நிமிட வேலை. கொஞ்சம் விரைந்து ஆடினால் ஏழே நிமிடம். முதல் பாதிக்குள் தேநீர்க்கடைக்கு ஓடிவிடலாம். ஆகவே சனிக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்த வேளையில், ஏழை மீண்டும் ஐந்தாக்கினேன்.

"மறுபடி அஞ்சாயிடுச்சே, ஸீ மிலூத்?" என்றாள், திரும்பி வந்து பார்த்துவிட்டு. அவள் என்னை 'ஸீ' போட்டு மரியாதையாக அழைத்தால் ஏதோ விபரீதம் என்று பொருள்.

"கணக்கு இப்போதான் சரியாச்சு."

"அப்போ குளிர்பெட்டி?"

"கல்யாணப் பொண்ணை விடக் குளிர்பெட்டியா முக்கியம், நஜாத்?"

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும்!"

ஞாயிறு, பெண்ணை அலங்கரிக்க நஜாத் முன்பே போயிருந்தாள்; ஐந்து அடிக்கும் வேளையில் நான் வாடகை வண்டியில் பல்லக்குடன் மண்டபத்தை அடைந்தேன். ஓட்டுநர் அதை இறக்க உதவிவிட்டு, ஆட்டம் பார்க்கப் பறந்தான். உள்ளே நுழைந்தேன். நாற்காலிகள் இருந்தன. ஆட்கள் இல்லை. பெண் இல்லை, மேளம் இல்லை, மற்ற மூன்று தோள்களும் இல்லை. தெருமுனைத் தேநீர்க்கடையிலிருந்து மட்டும் பெருங்கூச்சல் கேட்டது. யாரோ கோல் அடித்துவிட்டான். எந்த நிறம் என்று தெரியவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன்.

"நஜாத், இங்கே ஒருத்தரும் இல்லையே!"

"எப்படி இருப்பாங்க? பல்லக்கு ஏழு மணிக்குத்தானே?"

"ஏழா? யார் மாத்தினது?"

"மாப்பிள்ளைதான். போன வாரமே கேட்டார். கட்டத்தைத் திருத்த மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தா ஏழுன்னு இருக்கு! சரி, நம்ம வேலை மிச்சம்னு விட்டுட்டேன். அப்புறம் நீங்களே அஞ்சாக்கிட்டீங்க. கல்யாணப் பொண்ணுதான் முக்கியம்னும் சொன்னீங்க. அந்த நல்ல மனசை ஏன் கெடுக்கணும்னு பேசாம இருந்துட்டேன்."

"நான் இப்போ கிளம்பறேன்."

"பல்லக்கைத் தனியா விட்டுட்டா? முலாம் பூசி ஒரு மாசம்கூட ஆகல. பக்கத்துலயே உட்காருங்க."

"மாப்பிள்ளைக்கு அஞ்சு மணிக்கு அப்படி என்னதான் வேலை?"

"ஆட்டம் பார்க்கணும்னார். சரி, பாருங்கன்னேன். கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே அவருக்கு என்கிட்ட வாயைத் திறந்து கேட்கணும்னு தெரிஞ்சிருக்கு!"